தளத்தில் இறங்கிய உறக்கம்

உறங்கிக்கொண்டே வேலை செய்கிற மனிதனைச் சென்னம்மா முதன்முதலில் பார்த்தது தன் புருசனிடத்தில்தான்.

மைசூரில் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்வீதியில், ஒரு ஜவுளிச் சவுகார் மாடி வைத்துக் கடை கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி, தேக்கு உத்தரம் ஏறி, அதன்மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டியாகிவிட்டது. இனித் தளம் தட்ட வேண்டும். தளம் தட்டுவது என்றால், ஆணும் பெண்ணும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பிடி வைத்த மரக்கட்டையால் ஈரச் சாந்தைத் தட்டிக்கொண்டே இருப்பது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். தட்டின கட்டை துள்ளித் திரும்புகிற பதம் வர நாள்கணக்காகும், அதுவரை விடக் கூடாது. பாதியில் ஆறவிட்டால் தளம் வெடிக்கும். வெடித்தால் முதல் மழைக்கே ஒழுகும். அதற்காகத்தான் பாட்டு. ஒருத்தி பாடுவாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், கட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழும். பாடுகிற இடத்தில் கை தானாக நடக்கும், அலுப்புத் தெரியாது.

அன்றைக்கு உச்சி வெயில். சென்னம்மாவுக்கு அடுத்தாற்போல் ரத்தினசாமி உட்கார்ந்திருந்தான். தண்ணீர் தெளிக்கத் திரும்பியவள் அவன் மூச்சைக் கேட்டாள். பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகின மூச்சு அது, பொய் சொல்லாது. தலை நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. ஆனால் அவன் கை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு ஏறுகிற இடத்தில் ஏறியது, இறங்குகிற இடத்தில் இறங்கியது. விழித்திருந்த சிலருடைய கட்டைகூட ஒரு நூல் பிந்தி விழுந்தது, அவனுடையது பிந்தவில்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆள் இல்லாத வீட்டில் உரல் இடிக்கிற சத்தம் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மெதுவாகத் தோளைத் தொட்டாள். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, கன்றுக்குட்டி எங்கே போயிற்று என்று கேட்டான். எந்தக் கன்றுக்குட்டி என்றாள். சுண்ணாம்புக் குவியலை நக்கிக்கொண்டு நின்றதே அது என்றான். அந்த மாடிக்குச் சாரத்து ஏணியைத் தவிர வேறு வழி கிடையாது.

இதெல்லாம் காய்ச்சலுக்குப் பிறகு வந்தது. பெரிய சண்டை முடிகிற வருசம் ஊரூராக வந்து ஆட்களை வாரிக்கொண்டு போயிற்றே, அந்தக் காய்ச்சல். ஹனூர்ப் பக்கம் அவர்கள் தெருவில் பாடை கட்ட மூங்கில் கிடைக்காமல் கதவைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். ரத்தினசாமி பிழைத்துக்கொண்டான். உடம்பு தேறியது, சோறு இறங்கியது, ஆனால் உறக்கம் மட்டும் பழையபடி தன் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. எல்லோருக்கும் உறக்கம் ஏரித் தண்ணீர் மாதிரி. கரைக்குள்ளே நிற்கும், வேண்டுகிறபோது மடை திறந்துகொள்ளலாம். அவனுக்குக் கரை உடைந்துவிட்டது. நினைத்த நேரத்தில் பகலுக்குள் பாய்ந்தது. ஏர் ஓட்டும்போது உறங்குவான். மாடு நின்று அவனைத் திரும்பிப் பார்க்கும். களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் உறங்குவான். கண்ணை மூடுவதற்கு முன்பே கனவு வந்து எதிரே நின்றுவிடும். இரவில் மட்டும் ஒழுங்காக உறக்கம் பிடிக்காது, புரண்டுகொண்டிருப்பான். ஊர்க்காரர்கள் சோம்பேறி என்றார்கள். மழையும் பொய்த்தது. இரண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தார்கள்.

வந்த இடத்தில் மேஸ்திரி லிங்கப்பன் வேலை கொடுத்தார். கொள்ளேகாலத்துக்காரர், மாதேஸ்வரன் மலைக்கு வருசம் தவறாமல் நடந்தே போகிறவர், முறுக்கின மீசை. கூலியாட்களைத் திட்டுவார், ஆனால் கை நீட்டமாட்டார். தளம் தட்டுகிற இடத்தில் பாடுகிறவள் தேவம்மா. வாய் என்றால் வாய் அவளுக்கு. யாரை வேண்டுமானாலும் பாட்டில் வைத்து இழுப்பாள். பாட்டில் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது தளத்தின் மேல் எழுதாத சட்டம்.

ஒரு நாள் அவள் மேஸ்திரியையே இழுத்தாள்.

"மீசைக்கு வெண்ணெ வெச்சு முறுக்கினாரு மேஸ்திரி, ஏலேலோ,
வாசத்துக்கு வந்த எறும்பு வரிசை கட்டி ஏறுது, ஏலேலோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. ரத்தினசாமியும் சிரித்தான். சிரித்த வாய் அப்படியே தொங்கியது. கழுத்து சாய்ந்தது, கையிலிருந்து கட்டை நழுவியது, கட்டு அவிழ்ந்த மூட்டை போல ஈரச் சாந்தின் மேல் குவிந்து விழுந்தான். சென்னம்மாவுக்கு இது புதிதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு நாலைந்து தரம் பார்த்திருக்கிறாள்; ஒவ்வொரு தரமும் வயிறு குலுங்கச் சிரித்தபோதுதான் விழுந்தான். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் கிடப்பான், பிறகு ஒன்றும் நடவாததுபோல எழுந்துவிடுவான். வலிப்பு மாதிரி கை கால் இழுக்காது, நுரை தள்ளாது.

அவள் எழுந்து ஓடுவதற்குள் மேஸ்திரி அவன் காலடியில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்திருந்தார். "உகே மாதப்பா" என்று மாதேஸ்வரனை அழைத்து அவர் குரல் கொடுத்ததும் எல்லோரும் கட்டையைப் போட்டுவிட்டுக் கையைக் கூப்பினார்கள்.

மேஸ்திரி அதற்கு ஒரு நியாயமும் சொன்னார். உடுக்கை அடித்து, பம்பை அடித்து, வேப்பிலை ஆட்டி வரவழைக்கிற சாமியை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதில் பாதி சாராயம். கேளாமல் வருகிற சாமிதான் சாமி. மனிதன் மனம் திறந்து சிரிக்கிறபோது உள்ளே ஒரு சந்து திறக்கிறது, அதன் வழியாக மாதப்பன் இறங்குகிறான். அதுவும் தளத்தின் மேல் இறங்கியிருக்கிறான். சாமி புரண்ட தளம் எந்த மழைக்கும் ஒழுகாது.

சாமி இறங்குகிற ஆளை எல்லோரோடும் வரிசையில் உட்காரவைக்கலாமா? கூடாது என்று மேஸ்திரி தீர்மானித்தார். ஈசானிய மூலையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அங்கே ரத்தினசாமியை உட்காரவைத்தார். வடக்கும் கிழக்கும் சேருகிற அந்த மூலைதான் வீட்டில் சாமிக்கு உரிய மூலை. கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. ரத்தினசாமியின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தளம், அதற்கப்புறம் வெறும் ஆகாசம். கீழே அடித்தளத்துக்கு உடைத்து மிஞ்சின கருங்கல் குவிந்து கிடந்தது. மரியாதை செய்கிறோம் என்று நினைத்து அவனைக் கொண்டுபோய்ச் சாவின் விளிம்பில் உட்காரவைத்தார்கள்.

மத்தியானம் சாரத்து நிழலில் களி தின்னும்போது சென்னம்மா அவனைக் கேட்டாள்.

"ஏனுங்க, உளுந்து கெடக்கையில உங்களுக்கு என்னதான் தெரியுது?"

"எல்லாந்தான் தெரியுது புள்ள. மேஸ்திரி என்ற கால்ல உளுந்தது தெரியும். தேவம்மா மூக்கச் சிந்துனது தெரியும். எந்திரிங்க மேஸ்திரி, இதென்னங்க பாவம்னு சொல்லோணும்னு இருக்குது. நாக்கு அசையமாட்டீங்குது."

"அப்ப நீங்க எங்க இருக்கறீங்க?"

"உள்ளதான். வூட்டுக்குள்ள ஆளு இருக்குது, கதவத்தான் தெறக்க முடியல. அப்பிடி."

அவள் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "சாமிங்களா?" என்றாள்.

ரத்தினசாமி யோசித்தான். "சாமி வந்தா நா இருக்கமாட்டனல்லொ," என்றான். "நா முழுசா இருக்கறேன் சென்னம்மா. ஒடம்பு மட்டும் என்னைய உட்டுப்போட்டுத் தனியாத் தூங்கப் போயிருது."

அவள் கையிலிருந்த களி உருண்டை ஆறிப்போயிற்று. உறக்கம் என்பது ஆளோடு சேர்ந்து வருகிற ஒரு சங்கதி என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். உடம்பு ஒரு பக்கம் உறங்கும், ஆள் ஒரு பக்கம் விழித்திருப்பான் என்றால்? தளத்தில் கை விழித்திருக்க ஆள் உறங்கினதையும் அவளே பார்த்தாள். அப்படியானால் மனிதன் ஒரே துண்டாகச் செய்யப்பட்டவன் இல்லையா? கட்டடம் மாதிரி கல்லும் சாந்தும் மரமுமாகச் சேர்த்து வைத்திருக்கிறதா? தினமும் படுத்து எழுந்திருக்கிறோமே, இவ்வளவு பெரிய காரியத்தை ஒருத்தரும் நின்று பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

மேஸ்திரியிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றான் ரத்தினசாமி. அவள் விடவில்லை. சாமி இல்லை என்றால் பிறகு என்ன? வியாதி. வியாதிக்காரனை எந்த மேஸ்திரி சாரம் ஏற்றுவான்? வலிப்புக்காரர்களை ஊரில் எப்படி வைத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். கிணற்றடிக்கு விடமாட்டார்கள், அடுப்பண்டை விடமாட்டார்கள், கடைசியில் வீட்டுக்குள்ளேயும் விடமாட்டார்கள். இங்கே கூலி போனால் ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. "வாயத் தெறக்காதீங்க. அந்த மூலையில கொஞ்சம் முன்னால தள்ளி உக்காந்துக்குங்க, அது போதும்," என்றாள். அன்றிலிருந்து தேவம்மா பாட்டெடுக்கும்போதெல்லாம் அவள் வரிசையில் உட்கார்ந்தபடியே அவனைக் காவல் காத்தாள். கட்டை இங்கே விழும், கண் அந்த மூலையில் இருக்கும்.

சங்கதி சவுகார் காதுக்குப் போயிற்று. தசராவுக்கு முன்னால் கடை திறக்க வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தவர், தன் தளத்தில் சாமி இறங்குகிறது என்று கேட்டதும் பட்டு அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பருத்த உடம்பு, சாரத்து ஏணி அவரைத் தாங்கிக்கொண்டு முனகியது. பின்னால் கணக்கப்பிள்ளை தட்டில் தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் ஏந்தி வந்தார். மேலே வந்ததும் சவுகார் மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கே, சாமியை வரச் சொல்லு என்றார்.

மேஸ்திரிக்குத் தர்மசங்கடம். கேளாமல் வருகிற சாமி என்று அவர்தானே சொன்னார். இருந்தாலும் தேவம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் பாடினாள். மீசைப் பாட்டைப் பாடினாள், மாமியார் பாட்டைப் பாடினாள், புருசனை எருமை என்று நினைத்துக் கட்டுத்தறியில் கட்டினவள் பாட்டைப் பாடினாள். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. முதலாளி நின்று பார்க்கும்போது சிரி என்றால் எங்கிருந்து வரும்? பல்லைக் காட்டினார்கள், அவ்வளவுதான். மூலையில், தட்டுகிற வாக்கில் மறுபடி விளிம்புக்கே நகர்ந்துவிட்ட ரத்தினசாமி உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். சிரிப்பு வராமலிருக்கச் செத்துப்போன ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தே சென்னம்மா தெரிந்துகொண்டாள்.

சவுகாருக்குக் கால் கடுத்தது. வெல்லத் தண்ணீர் மொடாவின் மேல் ஒரு பலகை போட்டு மூடியிருந்தது. அதை ஒரு மேடை என்று நினைத்து அவர் உட்கார்ந்தார்.

மொடா ஒரு சத்தம் போட்டது. பலகையோடு சவுகார் உள்ளே இறங்கினார். கடுக்காயும் வெல்லமும் ஊறின பழுப்புத் தண்ணீர் நாலு பக்கமும் பாய்ந்தது. அவர் மேலே தூக்கின இரண்டு காலும், சரிந்த தலைப்பாகையும்தான் வெளியே தெரிந்தன. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, மார்க்கெட் ஈ அத்தனையும் மாடிக்கு வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. தேவம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்தார், மீசை மட்டும் துடித்தது. அடக்கி வைத்த சிரிப்பு அந்தத் தளம் முழுக்க ஊமையாகக் குலுங்கிற்று.

சென்னம்மா மட்டும் சவுகாரைப் பார்க்கவில்லை. அவள் மூலையைப் பார்த்தாள். ரத்தினசாமியின் தாடை தொங்குவதைக் கண்டாள்.

எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. அவன் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தான். தலை விளிம்பைத் தாண்டிவிட்டது, தோளும் தாண்டப் போகிறது. அவள் சாந்தில் வழுக்கி விழுந்து, விழுந்த வேகத்தில் அவன் இடுப்பு வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கனம் அவளை இழுத்தது. முழங்கால் இரண்டும் ஈரச் சாந்தில் கோடு போட்டுக்கொண்டு விளிம்புவரை போயின. பின்னால் வந்து மேஸ்திரி அவள் இடுப்பைப் பிடித்தார், மேஸ்திரியை வேறு யாரோ பிடித்தார்கள். இழுத்துப் போட்டார்கள். கீழே ஒரு கட்டை கருங்கல்லில் விழுந்து இரண்டாகப் பிளந்த சத்தம் கேட்டது.

இதற்குள் சவுகாரை மொடாவிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். வெல்லம் சொட்டச் சொட்ட, முகம் சிவக்க வந்து நின்றார். கீழே கிடக்கிறவன் வாயில் இன்னும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"ஏனு லிங்கப்பா, இது சாமியா? இல்ல, நம்மளப் பாத்துத் தமாஷா?"

மேஸ்திரி பதில் சொல்வதற்குள் அவரே தீர்ப்பையும் சொன்னார். கற்பூரம் எதற்கு இருக்கிறது? உள்ளங்கையில் ஏற்று. சாமியானால் சுடாது, கை அசையாது. தமாஷா செய்கிறவனானால் துள்ளி எழுந்திருப்பான்.

அது புதுச் சோதனை இல்லை. எந்தக் கோயிலிலும் நடப்பதுதான். மேஸ்திரி தட்டிலிருந்து கற்பூரக் கட்டியை எடுத்தார், பற்றவைத்தார். எல்லோரும் சுற்றி நின்று கையைக் கூப்பினார்கள். அவன் கை அசையாது என்று சென்னம்மாவுக்குத் தெரியும். எரிந்து தீய்ந்து கரியானாலும் அசையாது. சோதனையில் ஜெயிப்பான். ஜெயித்தால் வேலை நிற்கும், மரியாதை நிற்கும், மறுபடி அந்த மூலையும் நிற்கும். உள்ளே கதவைத் திறக்க முடியாமல் ஒருத்தன் நின்று வெந்துகொண்டிருப்பான், வெளியே ஊர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

நெருப்பு கிட்டே வந்தது. அவள் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். இமை பாதி மூடியிருந்தது. அந்தச் சந்துக்குள்ளே கருவிழி நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் கை வலப்பக்கம் நகர்ந்தது. கருவிழி வலப்பக்கம் நகர்ந்தது.

"வெக்காதீங்க," என்றாள் சென்னம்மா. மேஸ்திரியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அவருக்குச் சுடுமுங்க. அவரு உள்ள முழுச்சுக்கிட்டு இருக்கறாருங்க. நாம பேசறது பூராக் கேக்குது."

மேஸ்திரி, கையை விடு அம்மா என்றார். அவள் விடவில்லை. புருசன் முகத்தோடு முகம் வைத்துப் பேசினாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க. கேக்குதுங்களா? கேட்டுச்சுன்னா மேல பாருங்க. ஆமான்னா மேல. இல்லைன்னா என்ற பக்கமாப் பாருங்க."

பிணம்போலக் கிடந்த உடம்பில் கண் மட்டும் மெல்ல மேலே போயிற்று. வெள்ளை விழி தெரிந்தது. திரும்ப இறங்கி அவளிடம் வந்து நின்றது.

தேவம்மா இரண்டு கையாலும் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி முட்டிபோட்டு உட்கார்ந்தார். கற்பூரம் தரையில் விழுந்து ஈரத்தில் சுருங்கி அணைந்தது. அவர் வாழ்நாளில் எத்தனையோ சாமியாட்டம் பார்த்தவர். ஆனால் செத்துக் கிடக்கிற ஒரு வீட்டின் சன்னலிலிருந்து ஆள் எட்டிப் பார்ப்பதை இப்போதுதான் பார்த்தார். அந்தக் கண்ணருகே குனிந்து கேட்டார்.

"நீ யாரப்பா? மாதப்பனா?"

சென்னம்மா அவன் கண்ணையே பார்த்தாள். மேலே பார்த்தால் போதும். ஒரு தரம் மேலே பார்த்துவிட்டால் அவனை இந்த மைசூரில் யாரும் அசைக்க முடியாது. ஆனால் மேலே பாருங்கள் என்று அவள் சொல்லித்தரவில்லை. இதற்குப் பதில் அவன் உடைமை என்று அவளுக்குத் தோன்றியது.

கண் நகர்ந்தது. மேலே போகவில்லை. மெதுவாக, ரொம்பத் தூரத்திலிருந்து நடந்து வருகிற ஆள்போல, அவள் பக்கமாகத் திரும்பி நின்றது.

இல்லை.

முதலில் சவுகார்தான் அசைந்தார். சாமி என்றால் கும்பிட்டிருப்பார், தமாஷா என்றால் உதைத்திருப்பார். இது இரண்டும் இல்லை. அந்தக் கண் தன்னைப் பார்த்துவிடுமோ என்பதுபோல அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்துக்கொண்டார். பின்வாங்கிக்கொண்டே, இது ஏதோ வியாதி, வியாதிக்காரன் என் தளத்தில் வேண்டாம், இப்போதே இறக்கிவிடு என்றார்.

சென்னம்மா எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி எழுந்து, முழங்காலில் ஒட்டின சாந்தைத் தட்டிவிட்டார். அவசரப்படவில்லை.

"சாந்து எறுகற வரைக்கும் தளம் என்னோடதுங்க சவுகாரே. எறுகுன பொறகு உங்களது. இப்ப நீங்க போங்க, ஈ மொய்க்குது."

தேவம்மாவின் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்து அடங்கியது. சவுகார் ஏணியில் இறங்குகிற முனகல் ரொம்ப நேரம் கேட்டது.

ரத்தினசாமிக்கு முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு உதடு. பிறகு பெரிதாக மூச்சை இழுத்து எழுந்து உட்கார்ந்தான். எல்லோரும் அவனைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். தண்ணீர் கேட்டான். குடித்தான். மேஸ்திரி அவன் தோளில் கை வைத்து, எங்கேயப்பா இருந்தாய் என்று கேட்டார். பெரிய யாத்திரை போய்வந்தவனைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"இங்கதானுங்க இருந்தேன். ஆனா கடைசீல கனவும் வந்துருச்சுங்க. ஒரு ஆத்துல முட்டியளவு தண்ணீல நிக்கறனுங்க. நீங்க பேசறது பூராத் தண்ணி மேல வருது. ரண்டும் நெசமா இருந்துச்சுங்க. எதுல நா நிக்கறன்னே சொல்ல முடியல."

"கற்பூரம்?"

"பாத்தனுங்க. சூரியன் கீழ எறங்கி வர்ற மாதிரி இருந்துச்சு. ஓட முடியல."

"வெச்சிருந்தா சுட்டிருக்குமா?"

"சுட்டிருக்குமுங்க."

மேஸ்திரி தன் கையைப் பார்த்துக்கொண்டார். எத்தனை கோயிலில் எத்தனை உள்ளங்கையில் அந்தக் கை கற்பூரம் வைத்ததோ, அவருக்குத்தான் தெரியும். தளத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். சாந்து இறுக ஆரம்பித்திருந்தது. ஏய், ஆறுது, ஆறுது, கட்டையை எடுங்கள் என்று சத்தம் போட்டார். எல்லோரும் ஓடிப்போய் உட்கார்ந்தார்கள்.

ரத்தினசாமி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். மேஸ்திரி அவனை ஈசானிய மூலைக்கு அனுப்பவில்லை, கீழேயும் அனுப்பவில்லை. வரிசையின் நட்டநடுவில் சென்னம்மாவுக்கும் தேவம்மாவுக்கும் இடையே கையைக் காட்டினார். "இங்க உக்காரு. இனிமே இதுதான் உன்ற எடம். உளுந்தா உளு. நாலு பக்கமும் தளந்தான் இருக்குது, நாலு பக்கமும் ஆளுந்தான் இருக்குது." அவனுடைய கட்டை கீழே கல்லில் விழுந்து உடைந்துவிட்டதால் தன் இடுப்புக் கத்தியால் ஒரு பலகைத் துண்டைச் செதுக்கிப் பிடி வைத்துக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் பாட்டு இல்லாமலே தட்டினார்கள். கட்டைகள் முன்னும் பின்னுமாக விழுந்தன. ஒவ்வொருவரும் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது யாருடைய கை என்று யோசிக்கிறதுபோல. கடைசியில் தேவம்மாதான் பேசினாள். வழக்கமான நையாண்டி அவள் குரலில் இல்லை.

"ஏனுங்ணா, நீங்க ஒறங்கிப்போற எடத்துல நா பாடறது கேக்குமுங்களா?"

"கேக்கும் அம்மிணி."

"அங்க கேக்கறப்ப எப்பிடி இருக்குமுங்க?"

ரத்தினசாமி கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நன்றாக யோசித்தான். வரிசை முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சேதி சொல்ல ஆள் கிடைத்திருக்கிறது.

"இங்க கேக்கற மாதிரியேதான் அம்மிணி," என்றான். "அங்கயும் சுதி சேரல."

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். சவுகாருக்காக அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெடித்தது. தேவம்மா கட்டையால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தாள். தன் பேச்சுக்குத் தானே சிரித்த ரத்தினசாமியின் தாடை தொங்கியது, கழுத்து சாய்ந்தது. மெதுவாகச் சென்னம்மாவின் தோளில் சரிந்து, அங்கிருந்து அவள் மடிக்கு வந்தான்.

யாரும் எழுந்திருக்கவில்லை, கையைக் கூப்பவில்லை. சென்னம்மா ஒரு கையால் அவன் தலையைச் சாந்து படாமல் நகர்த்தி வைத்துக்கொண்டு, மறு கையால் கட்டையை எடுத்தாள். தேவம்மா அவன் காதுப் பக்கமாகக் குனிந்து, "இருங்ணா, நல்லாவே பாடறேன்," என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். கட்டைகள் ஒரே சமயத்தில் விழத் தொடங்கின.